பச்சை மீனும் ஒரு வெள்ளிக்கிழமையும்

நான் பாரிசில் ஒரு யப்பானிய உணவகத்தில் சுஷி செய்கிற தமிழன். இதைக் கேட்டுச் சிரிக்க நினைக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். எங்கள் உணவக வாசலில் சிவப்புக் கடதாசி விளக்கு தொங்கும். உள்ளே சுவரெல்லாம் மூங்கில் படம். ஆனால் முதலாளியிலிருந்து கோப்பை கழுவுகிறவர் வரை ஒருவரும் யப்பானைக் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தொழில் பழக்கியவர் பருத்தித்துறைக்காரர். அவருக்குப் பழக்கியவர் புங்குடுதீவு. அதற்கு மேலே யார் என்று எனக்குத் தெரியாது. எங்கேயாவது ஒரு யப்பானியர் இருந்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் இருபது வருடத்துக்கு மேலாகக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தொழிலில் எனக்குக் குறை இல்லை. மத்தியான நேரம் வரிசையில் நிற்கிறார்கள். சல்மனும் அவக்காடோவும் வைத்து உருட்டிய சோறு, சீஸ் வைத்து உருட்டிய சோறு, மாட்டிறைச்சிக்குள் சீஸைச் சுருட்டிக் குச்சியில் குத்திச் சுட்டது, முட்டைக்கோவா சலாது, ஒரு கோப்பை சூப். பிரெஞ்சுக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். என் குறையெல்லாம் வீட்டில்தான். என் மனைவி நான் செய்த சுஷியில் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை.

அவள் மீனுக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். சனிக்கிழமை காலையில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் மீன்கடையில் அவள் போய் நின்றால் கடைக்காரருக்கு வியர்க்கும். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், விரலால் அமத்திப் பார்ப்பாள். ஆனால் அந்த மீன் பழப்புளியோடும் தூளோடும் கொதித்து அடங்கவேண்டும். பச்சையாகத் தின்பது பூனை செய்கிற வேலை என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசம். அன்று வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை, முட்டைகூட இல்லை. வேலை முடிந்து வருகிற நான் நேரே குளியலறைக்குப் போகவேண்டும். என் உடம்பில் இருக்கிற மீன் வாடையோடு குசினி வாசலை மிதித்தால் அன்றைக்கு எனக்குப் பூசை நடக்கும்.

ஒருவன் நாள் முழுக்க நின்று செய்கிற வேலையை அவன் வீட்டுக்காரி ஒரு தடவை ருசி பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுவது பெரிய குற்றமா? பெட்டியில் கட்டிக்கொண்டு போயும் பார்த்திருக்கிறேன். மகள் முழுப்பெட்டியையும் காலி செய்வாள். மனைவி தூர நின்று, ‘நல்ல வடிவா இருக்கு’ என்பாள், சுவரில் மாட்டுகிற படத்தைச் சொல்வதுபோல. நான் இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

யப்பான் பயணம் மகளின் வேலை. இங்கே பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே யப்பான் பைத்தியம். படக்கதைப் புத்தகங்கள் அவள் கட்டிலுக்குக் கீழே இன்னும் அடுக்கி இருக்கின்றன. சினேகிதிகளோடு ஒருமுறை போயும் வந்துவிட்டாள். வேலை கிடைத்த பிறகு, எனக்கும் தாய்க்கும் கொஞ்சே என்கிற வேலை விடுமுறை ஒன்றாக விழுந்த ஒரு கிழமையைப் பிடித்து விமான ரிக்கெற் போட்டுவிட்டாள். போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஐந்து நாள்.

ரூ லூயி-பிளாங் தெருவில் பலசரக்குக் கடைக்கார அண்ணையிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“யப்பானோ? அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை.”

“பின்னை என்னத்துக்குப் போறியள்?”

அவரைப் பிழை சொல்ல முடியாது. நாங்கள் லண்டனுக்குப் போனால் கலியாணவீடு, ரொறன்ரோவுக்குப் போனால் சாமத்தியவீடு, ஊருக்குப் போனால் கோவில் திருவிழா, இல்லாவிட்டால் செத்தவீடு. விமானநிலையத்தில் சொந்தக்காரர் ஒருவர் காரோடு நிற்காத நாட்டுக்கு நாங்கள் போனதே கிடையாது. யாருமில்லாத ஊருக்கு, அந்த ஊரைப் பார்ப்பதற்காகவே போவது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

எனக்கு உள்ளே வேறு திட்டம் இருந்தது. அங்கே ஒரு நல்ல சின்னச் சுஷிக்கடையில், செய்கிறவருக்கு நேரெதிரே உட்கார்ந்து, மனைவியைச் சாப்பிட வைத்துவிடவேண்டும். ஒரு கிழமை மன்றாடினேன். கடைசியில் இறங்கி வந்தாள்.

“ஒரு துண்டு. ஒண்டே ஒண்டு. அதுவும் அந்த நாட்டு ஆளின்ர கையால எண்டபடியாத்தான். அவைக்குத் தெரியும், பிழைவிடமாட்டினம்.”

“அப்ப எனக்குத் தெரியாதோ?”

“உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்களே அந்த நாட்டைக் கண்டதில்லை.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் கிடைத்ததை விடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மகள் எழுதிக் கேட்டு இரண்டு இருக்கை பிடித்தாள். அந்த ஒரு நாள்தான் கிடைத்தது என்று தொலைபேசியில் காட்டினாள். நான் திகதியைப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன், சந்தோசத்தில் தலையாட்டினேன். கிழமையைப் பார்க்கவில்லை.

மனைவி பெட்டி கட்டினாள். மிளகாய்த்தூள், அரிசிமா, ஊறுகாய், கடைசியில் ஒரு சின்னச் சோறு அவிக்கிற மின்சாரப் பானை. யப்பானுக்கு அதைக் கொண்டுபோகிற முதல் மனுசி நீர்தான் என்று சொன்னேன். காதில் விழாததுபோல அதைச் சேலைக்குள் சுற்றி வைத்தாள்.

என் குணம் ஓட்டக்குணம். ஐந்து நாளில் அந்தப் பெரிய மலையைப் பார்க்கவேண்டும், பழைய தலைநகரைப் பார்க்கவேண்டும், வேகரயில் ஏறவேண்டும் என்று நான் துடித்தேன். மகள் பிரெஞ்சில் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: “அப்பா, முதல் தடவை, குறுகிய நேரம். தோக்கியோவை விட்டு அசையாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மிச்ச நேரம் நடந்து திரியுங்கள்.” எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனைவியின் முழங்கால் மகளின் பக்கம் நின்றது. இப்போது யோசித்தால் அந்த முழங்காலுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

நாங்கள் தங்கியது ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய குடியிருப்புக்குள் இருந்த சின்ன விடுதி. வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். மலசலகூடத்துக்கு வேறாக ஒரு சோடிச் செருப்பு, அதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். மனைவி அந்தச் செருப்பைப் பார்த்து உருகிப்போனாள்.

“இதுதான் சுத்தம். எங்கட ஆக்கள் சப்பாத்துக்காலோட குசினி மட்டும் வருவினம்.”

ரயிலில் ஒருவரும் தொலைபேசியில் கதைக்கவில்லை. எங்கள் இரண்டாம் இலக்க மெத்ரோவில் கனடாத் தங்கச்சியோடு முழுப்பெட்டிக்கும் கேட்கக் குடும்பக்கதை கதைக்கிற என் மனைவி, யாரும் சொல்லாமலே தன் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினாள். தெருவில் ஒரு குப்பைத்தொட்டி இல்லை, ஒரு குப்பையும் இல்லை. அவள் ஒரு வாழைப்பழத்தோலைப் பின்னேரம் வரை கைப்பையில் காவிக்கொண்டு திரிந்தாள். சின்னக் கடையொன்றில் கடற்பாசித்தாளில் சுற்றிய சோற்றுருண்டை வாங்கினோம். நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம். கடித்துவிட்டு நின்றாள். “இது எங்கட ஊறுகாய்ச் சோறெல்லோ!” கொண்டுபோன மின்சாரப் பானை சேலையை விட்டு வெளியே வரவேயில்லை.

நான் பாத்திரங்கள் விற்கிற தெருவொன்றுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பிளாஸ்ரிக்கில் செய்த சாப்பாடுகள், உண்மை எது பொய் எது என்று தெரியாது. நான் செய்கிற சீஸ் குச்சி எங்கேயாவது இருக்கிறதா என்று கடை கடையாகத் தேடினேன். பிளாஸ்ரிக்கில்கூட இல்லை. அந்த நாட்டில் அதை ஒருவரும் கேள்விப்படவில்லை என்று விளங்கியபோது, தேடுவதை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை விடுதிக்காரப் பெண் பக்கத்துத் தெருப் பொதுக்குளியலறையைக் காட்டினாள். ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம். உள்ளே உடம்பில் ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. மனைவி வாசலோடு திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவன் நான். அவள் நெடுநேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, ஈரத்தலையோடு, சின்னப்பிள்ளைபோல வந்தாள். உள்ளே ஒரு அம்மா தனக்கு முதுகு தேய்த்துவிட்டதாகச் சொன்னாள். “ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கேல்லை. நல்ல சனம்.” நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவள் இதற்கே துணிந்துவிட்டாள், ஒரு துண்டு மீன் எம்மாத்திரம் என்று எனக்குத் தெம்பு வந்தது.

அடுத்த நாள் மத்தியானம்தான் சுஷிக்கடை. காலையில் பிள்ளையாரைப் பார்க்கவேண்டும் என்றாள் மனைவி. பாரிசில் ரூ பஜோல் கோவிலில் யாரோ ஒரு பெண் சொல்லியிருக்கிறாள், அங்கேயும் பிள்ளையார் இருக்கிறார் என்று. நான் நம்பவில்லை. ஆற்றோரமாக நடந்து ஒரு சின்ன மேட்டில் ஏறினால், உண்மைதான், இருக்கிறார். படைப்பது வெள்ளை முள்ளங்கி. சனம் வெளியே தொட்டியில் கைகழுவி, முழு முள்ளங்கியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வைக்கிறார்கள். ஆனால் சாமியைக் காட்டமாட்டார்கள். திரைக்குப் பின்னால் மறைவாக இருக்கிறார். எங்கள் பிள்ளையார் வருடத்துக்கு ஒருநாள் தேரேறி லா சப்பல் தெருவெல்லாம் சுற்றி, தேங்காய் சிதற, மெத்ரோ ஏற வந்த வெள்ளைக்காரரையும் மறித்துத் தரிசனம் கொடுக்கிறவர். இங்கே அவர் கூச்சக்காரர்.

மனைவியும் ஒரு முள்ளங்கியை வாங்கி வைத்துவிட்டு, திரையைப் பார்த்துத் தலையில் குட்டிக்கொண்டாள். காதைப் பிடித்துத் தோப்புக்கரணமும் போட்டாள். பக்கத்தில் நின்ற யப்பானிய அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். இவளும் திருப்பி வைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

படியிறங்கும்போது சொன்னேன். “சரி, இனிச் சுஷிக்கடைக்குப் போவம். நேரம் சரி.”

அவள் நின்றுவிட்டாள்.

“இண்டைக்கோ? இண்டைக்கு வெள்ளியெல்லோ. அதுக்குத்தானே பிள்ளையாரிட்டை வந்தனான்.”

எனக்குத் தலை சுற்றியது. தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிதான். எங்கள் மகளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் சினேகிதரோடு வெளியே போகிற நாள், மரக்கறி நாள் அல்ல. அவளை என்ன சொல்வது? இருபது வருடமாக வெள்ளி தவறாமல் குளியலறைக்கு ஓடுகிற எனக்கே மூளை எங்கே போனது?

“பாரிசில இன்னும் விடியவே இல்லை,” என்றேன். வேறு நியாயம் வாயில் வரவில்லை.

“விடியாட்டிலும் வெள்ளி வெள்ளிதான்.”

“ஐஞ்சு நாளில ஒரு நாள்! இனி எப்ப வரப்போறம்? ஒரு வெள்ளி தவறினாப் பிள்ளையார் கோவிப்பாரோ?”

“அவர் கோவிக்கமாட்டார். எனக்கு மனம் வராது.”

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நான் போகாமல் விட்டுவிடுவோம் என்றேன். அதற்கு அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுசர் எங்களுக்கென்று இடம் வைத்துக் காத்திருக்கும்போது போகாமல் விடுவது பெரிய பிழை, தான் பக்கத்தில் சும்மா இருப்பதாகவும் நான் சாப்பிடவேண்டும் என்றும் சொன்னாள்.

கடை எங்கள் வீட்டு வரவேற்பறை அளவுதான். ஒரு நீண்ட மரப்பலகை, ஏழெட்டுப் பேர் இருக்கலாம். பலகைக்கு அந்தப் பக்கம் என்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய, மெலிந்த, மொட்டைத்தலை மனிதர். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். நான் தொலைபேசியில், என் மனைவி இன்றைக்கு மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் சாப்பிடமாட்டார், மன்னிக்கவேண்டும் என்று எழுதி, யப்பானிய மொழிக்கு மாற்றி நீட்டினேன். வந்து உட்கார்ந்த பிறகு இப்படிச் சொல்வதுபோல மரியாதைக்கேடு அந்த நாட்டில் இல்லை என்று மகள் பிறகு சொன்னாள். அவர் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் உள்ளே போய்விட்டார். எனக்குக் காது சுட்டது.

அதற்குள் அவருடைய மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் சூப்பை வைத்தார். உள்ளே மீனின் அடையாளமே இல்லை, வெறும் தெளிந்த தண்ணீரும் இரண்டு இலையும். என் மனைவி கோப்பையை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். நான் என் பாட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அந்த மனிதர் அதைக் கண்டதும், கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, பலகைக்கு மேலால் உள்ளங்கையை விரித்து நீட்டினார். இவள் திகைத்து நிறுத்தினாள். அவர் தலையைக் குனிந்து, மெதுவாகக் கோப்பையை வாங்கி அப்பால் வைத்தார். பிறகு காய்ந்த மீன் துண்டொன்றைக் காட்டி, கோப்பையைக் காட்டி, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். அந்தத் தண்ணீர் மீனை அவித்து வடித்தது.

அவருக்கு எங்கள் வெள்ளிக்கிழமையும் தெரியாது, பிள்ளையாரும் தெரியாது. சாப்பிடமாட்டேன் என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவளுக்கே தெரியாத இடத்தில் அவளுடைய சொல்லை அவர் காப்பாற்றினார். மனைவி என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“எங்கட ஆக்களெண்டா, மீனை எடுத்து அங்கால வைச்சிட்டுக் குழம்பை விடுங்கோ, குழம்புதானே எண்டு சொல்லுவினம்.”

நான் சிரித்துவிட்டேன். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் நான்.

அவர் அவளுக்கென்று தனியாகச் செய்யத் தொடங்கினார். அவிந்த கத்தரிக்காய், வெள்ளரிக்காய், உப்பில் ஊறிய முள்ளங்கி, ஒரு காளான். மீன்சாறு கலந்தது என்று, பூசுகிற கறுப்புக் குழம்பைக்கூட ஒதுக்கிவிட்டு உப்பு மட்டும் தூவினார். எனக்கு மீன். பக்கத்தில் துணி போட்டு மூடிய மரத்தொட்டி. அதிலிருந்து சோற்றை எடுத்து, கைக்குள் வைத்து, இரண்டு மூன்று அசைவு, முடிந்தது. அந்தச் சோறு இளஞ்சூடாக இருந்தது. நாங்கள் பாரிசில் சோற்றை ஆறவிட்டு, குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, அச்சில் போட்டு அமத்தி அடுக்குகிறோம். நான் மேலே மீனை வைக்கிறேன். இவருடைய சோறு கையில் எடுக்கும்வரை ஒன்றாக இருந்தது, நாக்கில் பட்டதும் தன்பாட்டில் உதிர்ந்தது. இது தொழில். நான் செய்வது என்ன?

மனைவி முதல் துண்டை மென்றாள். இரண்டாவதையும் மென்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“சோத்தில அந்த மனுசன்ர கைச்சூடு இருக்கு. இதைத்தானோ நீங்கள் செய்யிறனீங்கள்?”

“ஓம். இப்பிடித் திறமா இல்லை.”

“நான் மீன் வெட்டுற வேலை எண்டெல்லோ நினைச்சன். சோறு பிடிக்கிற வேலை எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே.”

“நீர் ஒருநாளும் கேக்கேல்லையே.”

அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தொலைபேசியை இழுத்து, அதற்குள் சத்தமாகச் சொன்னாள்: “இவரும் உங்கட வேலைதான் செய்யிறவர். பாரிசில. கன வருசமா.” நான் தடுப்பதற்குள் அது யப்பானிய மொழியில் அந்தச் சின்னக் கடை முழுக்கக் கேட்க ஒப்பித்துவிட்டது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகவேண்டும்போல இருந்தது. அவக்காடோவும் சீஸ் குச்சியும் என் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன.

அவர் என்னைப் பார்த்தார். புகழவில்லை, சோதிக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பலகையை எனக்கு மறைத்துக்கொண்டிருந்த ஒரு பூச்சாடியைத் தூக்கி அப்பால் வைத்தார். பிறகு உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றுகொண்டு, தன் இரண்டு கையும் எனக்கு நன்றாகத் தெரியும்படி, அடுத்த சோற்றைப் பிடித்தார். அதற்குப் பிறகு கடைசித் துண்டு வரைக்கும் அவர் கை முன்னைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது. என்னைத் தன் தொழில்காரன் என்று ஒருவர் மதித்த நாள் அது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

புறப்படும்போது மனைவி கைப்பையிலிருந்து பனை ஓலையில் பின்னிய ஒரு சின்னப் பனங்கட்டிக் குட்டானை எடுத்தாள். ஒரு இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று லா சப்பலில் வாங்கி, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஓலைப்பின்னலை மணந்து பார்த்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு இருவரும் வாசலுக்கு வந்து குனிந்து வழியனுப்பினார்கள். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை என் மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “இன்னும் நிக்கினம்,” “இன்னும் நிக்கினம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. இனித் தடை இல்லை. மீன்சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தட்டுக்கடையில் சூரைமீன் வைத்த சுஷி இரண்டு வாங்கி ஒன்றை நீட்டினேன்.

“எனக்கு வேண்டாம்.”

“இண்டைக்குச் சனி. உம்மட விரதமெல்லாம் முடிஞ்சுது.”

“வேண்டாம் எண்டா வேண்டாம். விடுங்கோ.”

“வாக்குத் தந்தனீரெல்லோ! முன்பின் தெரியாத பொம்பிளையளோட குளிக்கத் துணிவு இருக்கு, ஒரு துண்டு மீனுக்கு இல்லையோ?”

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் கோபத்தில் இரண்டையும் தின்றேன். அருமையாக இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. உண்மையான வேலை எப்படி இருக்கும் என்று அவள் நேற்றுக் கண்டுவிட்டாள். இனி என்னுடையதை அவள் தொடவே மாட்டாள். நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். விமானத்தில் அவள் ஜன்னல் பக்கம், நான் நடைபாதைப் பக்கம். சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கும்போது மட்டும் கதைத்தோம்.

திரும்பி வந்து வேலைக்குப் போனேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் யப்பானைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னேன். கடைக்கார அண்ணைகூட, அடுத்த வருடம் தானும் போய்ப் பார்க்கலாமோ என்று கேட்டார். முதலாளியிடம், முன்பலகையில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்காவது சோற்றைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காமல் அன்றன்றைக்குப் புதிதாக அவித்துச் சூட்டோடு கையால் பிடிக்கிறேன் என்றேன். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது என்றார். தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்குத் தெரியும் என்றேன். மனிதர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அடுத்த நாளே கையால் பிடிக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். மத்தியானக் கூட்டம் கலைந்து, நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. என் மனைவி. இத்தனை வருடத்தில் ஒருமுறை வீட்டுத் திறப்பை மறந்துவிட்டு என் சாவியை வாங்க வாசலில் வந்து நின்றாளே தவிர, அந்தக் கதவுக்குள் அவள் கால் வைத்ததில்லை.

“என்ன? பிள்ளைக்கு ஏதேனும்…?”

“ஒண்டுமில்லை. சாப்பிட வந்தனான்.”

முன்பலகைக்கு முன்னால் உயரமான கதிரையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

“அங்கை நான் ஏன் சாப்பிடேல்லை எண்டு கோவத்தில கேக்கக்கூட இல்லை நீங்கள்,” என்றாள். “அந்த மனுசன் சோறு பிடிக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்கேக்கைதான் நினைச்சன். இந்தப் பாரிசில ஆர் ஆரோ உங்கட கையால சாப்பிட்டிருக்கினம். நான் சாப்பிடேல்லை. பிறகு பச்சை மீனின்ர முதல் வாயைக் கொண்டுபோய் என்னத்துக்கு இன்னொருத்தரிட்டைச் சாப்பிடவேணும்?”

ஒரு நாளைக்கு எத்தனையோ பிடிக்கிற என் கையில் முதல் துண்டு உதிர்ந்துபோனது. அதை ஒதுக்கிவிட்டு, கையை நனைத்து, இரண்டாவதைப் பிடித்தேன். நல்ல சூரைமீனாகப் பார்த்து வெட்டி வைத்தேன். அவள் கையால் எடுத்தாள். மருந்து குடிக்கிற முகத்தோடு கண்ணை மூடி, முழுத்துண்டையும் வாயில் போட்டாள். மென்றாள். நெடுநேரம் மென்றாள். குசினிக்குள்ளிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் விழுங்கினாள். கண்ணைத் திறந்தாள்.

“மீன் பரவாயில்லை,” என்றாள். “சோறு அந்த மனுசன்ரதான் திறம்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுசி.

அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“இன்னொண்டு வையுங்கோ.”